மூன்று பாத்திரச் சாப்பாடு

"ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிற்குச் சாப்பிட வாருங்கள்" என்று நாம் கடைசியாக யாரை அழைத்தோம்? சற்று யோசித்துப் பாருங்கள். பிறந்தநாள், திருமணநாள், புதுமனை புகுவிழா என்று காரணம் வைத்து அழைத்ததைச் சொல்லவில்லை. ஒரு காரணமும் இல்லாமல், வாருங்கள், உட்காருங்கள், இருப்பதைச் சாப்பிடுங்கள் என்று அழைத்தது எப்போது?

இந்தக் கேள்வியைப் பிறரிடம் கேட்கும் தகுதி எனக்கு உண்டா என்றால், பாதிதான் உண்டு. நானும் சில காலம் அழைக்காமல் இருந்தவள்தான். அழைத்த காலத்தில் தவறாக அழைத்தவள். அதனால் ஒரு நல்ல சிநேகிதியை ஏறக்குறைய இழந்துவிட இருந்தேன். அந்தக் கதையையும், அதிலிருந்து கற்றுக்கொண்ட சமையலையும் நம் சங்கத்துக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தலைநகருக்கு வந்த புதிதில்

1989-ல் என் கணவரின் வேலை மாற்றலால் திருச்சியிலிருந்து தில்லிக்கு வந்தோம். ஆர்.கே. புரத்தில் இரண்டு அறை அரசுக் குடியிருப்பு. இந்தி எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், பேச வராது. வந்த முதல் வாரமே தள்ளுவண்டிக்காரர் ஒருவர் "சீதாஃபல், சீதாஃபல்" என்று கூவிக்கொண்டு போனார். ஆகா, சீத்தாப்பழம் வந்துவிட்டது என்று ஓடிப்போய் ஒரு கிலோ கேட்டேன். அவர் கத்தியை எடுத்து ஒரு பெரிய பரங்கிக்காயிலிருந்து ஒரு பத்தையை வெட்டி, நிறுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்! பரங்கிக்காய்க்குத் தில்லியில் சீதாஃபல் என்று பெயர் என்பதும், நம் சீத்தாப்பழத்தை ஷரீஃபா என்று கேட்க வேண்டும் என்பதும் அன்று தெரிந்துகொண்டேன். அந்தப் பத்தையில் அன்று வைத்த புளிக்குழம்புதான் தில்லியில் நான் வைத்த முதல் உருப்படியான குழம்பு. பிற்பாடு அது எனக்கு எவ்வளவு பெரிய உதவி செய்யப் போகிறது என்று அப்போது தெரியாது.

எங்கள் வட்டாரத்தில் நாலு தமிழ்க் குடும்பங்கள் பழக்கமாயின. ஒரு குடும்பம் திருநெல்வேலிப் பக்கம், ஒன்று தஞ்சாவூர், நாங்கள் திருச்சி. நாலாவது குடும்பம் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமம். அவர்கள் மட்டும் அரசுக் குடியிருப்பில் இல்லை. முனிர்க்காவில் வாடகைக்கு ஒரு மாடி அறை. அந்தப் பெண் எல்லோரையும்விட இளையவள். என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள்.

மாதத்தில் இரண்டு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். அப்போதெல்லாம் ஒரு குழம்பு, ஒரு காய், தயிர், அவ்வளவுதான். திருநெல்வேலிக்காரர் வீட்டில் சொதி. தஞ்சாவூர்க்காரர் வீட்டில் அரைத்துவிட்ட சாம்பார். இன்னொரு ஊரின் ருசியைப் பேசிக்கொண்டே தெரிந்துகொள்வோம். குழந்தைகள் தமிழில் சண்டை போட்டுக்கொள்வார்கள். வெளிமாநிலத்தில் பிறந்து வளரும் குழந்தைகள் தமிழில் சண்டை போடக் கேட்பது எவ்வளவு இன்பம் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை!

இலை நிறைந்தது, வீடு காலியானது

1997-ல் ஐந்தாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகள் அமலுக்கு வந்தன. அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் உயர்ந்தது. நிலுவைத் தொகையும் வந்தது. எங்கள் மூன்று வீடுகளிலும் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் ஞாயிற்றுக்கிழமை இலையில் ஏறியது. ஒருவர் வீட்டில் வடை போட்டால், அடுத்தவர் வீட்டில் வடையும் பாயசமும். அதற்கடுத்த வீட்டில் இவை இரண்டோடு பனீர் பட்டாணியும் புலவும். யாரும் போட்டி என்று சொல்லவில்லை. ஆனால் அது போட்டிதான்.

என் முறை வந்தபோது நான் பதினாலு வகை செய்தேன். முதல்நாள் மத்தியானம் தொடங்கி, ஞாயிறு பதினோரு மணி வரை அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை. முந்திரி, நெய், தேங்காய், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய முருங்கைக்காய், சின்ன வெங்காயம் என்று கணக்கு நோட்டில் எழுதிப் பார்த்தால் 700 ரூபாய்க்கு மேல். பன்னிரண்டு பேர் சாப்பிட்ட ஒரு வேளைக்கு! வந்தவர்களோடு பத்து நிமிஷம் உட்கார்ந்து பேச எனக்கு நேரமில்லை. எல்லோரும் புகழ்ந்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் முனிர்க்காப் பெண் வரவில்லை. ஒரு தடவை குழந்தைக்கு ஜுரம் என்றாள். அடுத்த தடவை ஊரிலிருந்து உறவினர் வருகிறார்கள் என்றாள். பிறகு காரணம் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். "நாம் என்ன குறை வைத்தோம்? கொஞ்சம் கர்வம் போலிருக்கிறது" என்று நான் என் கணவரிடம் சொன்னேன். இன்று நினைத்தாலும் அந்த வார்த்தை நெஞ்சில் உறுத்துகிறது.

1998 அக்டோபர். தில்லியில் அந்த நாட்களை மறந்தவர்கள் இருக்க முடியாது. வெங்காயம் கிலோ 40, 50 ரூபாய் என்று ஏறிப் போயிற்று. அடுத்த மாதம் நடந்த சட்டமன்றத் தேர்தலில் ஆட்சியே மாறியது. வெங்காயம்தான் தோற்கடித்தது என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த அக்டோபர் கடைசியில், கந்த சஷ்டிக்கு மலை மந்திரில் நல்ல கூட்டம். படி இறங்கும்போது அவளைப் பார்த்தேன்.

"ஏம்மா, ஒரு வருஷமா எங்க வீட்டுப் பக்கமே காணோமே, நாங்க ஏதாவது தப்பாப் பேசிட்டோமா?" என்று கேட்டேன்.

முதலில் ஒன்றுமில்லை என்றாள். கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கேட்டபோதுதான் சொன்னாள். "சாப்பிட்டுட்டுப் போறது பெருசில்லீங்க அக்கா. திருப்பிக் கூப்பிடோணுமில்லீங்களா? உங்க வீட்டுல பதினாலு வகை. எங்க வீட்டுல ஒரே மாதிரி நாலு தட்டுகூட இல்லீங்க. இவருக்கு ஓக்லாவுல தனியார் வேலை. உங்களுக்கெல்லாம் வந்த மாதிரி எங்களுக்குச் சம்பளக் கமிஷனா வருது?"

நான் படியிலேயே நின்றுவிட்டேன். கர்வம் பிடித்தது யாருக்கு என்று அப்போது புரிந்தது.

மூன்றே பாத்திரம்

அன்று இரவு திருநெல்வேலி அக்காவுக்கும் தஞ்சாவூர் அக்காவுக்கும் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். இருவரும் சற்று நேரம் பேசவில்லை. "எனக்கும் போன மாசம் கை கடிச்சுதான் போச்சு, வெளியே சொல்லலை" என்றார் ஒருவர். இன்னொருவருக்கு முதுகுவலி, விருந்து என்றாலே பயம் வந்துவிட்டதாம்! ஆக, யாருக்கும் பிடிக்காத ஒன்றை, மற்றவருக்காக எல்லோரும் செய்துகொண்டிருந்தோம்.

நாலு விதிகள் வைத்துக்கொண்டோம்.

ஒன்று: சோற்றைத் தவிர மூன்று பாத்திரத்திற்கு மேல் மேசைக்கு வரக்கூடாது. 

இரண்டு: அந்த வாரம் தள்ளுவண்டியில் எது மலிவோ அதுதான் காய். தனியாக மார்க்கெட்டிற்கு அலையக்கூடாது. 

மூன்று: சாப்பிட வருகிறவர்கள் தங்கள் தட்டு, டம்ளரைத் தாங்களே கொண்டுவர வேண்டும், தயிரோ, அப்பளமோ, நாலு பழமோ எது முடிகிறதோ கொண்டுவரலாம். 

நான்கு: சமைத்தவரும் எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

மூன்றாவது விதி யாருக்காக என்று எங்கள் மூவருக்கும் தெரியும். அவளிடம் மட்டும், "பாத்திரம் தேய்க்க முடியலைம்மா, அதனால்தான்" என்று சொன்னோம். அதுவும் பொய்யில்லை.

பங்களா சாஹிப் குருத்வாராவிற்குப் போனவர்கள் லங்கர் சாப்பாட்டைப் பார்த்திருப்பீர்கள். ரொட்டி, பருப்பு, ஏதாவது ஒரு காய். லட்சாதிபதியும் கூலிக்காரரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்கள். பருப்பு எளியது என்பதால் அங்கே யாருடைய மரியாதையும் குறைந்துவிடவில்லை. நம் திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஒரு தனி அதிகாரமே ஒதுக்கினார். அதில் எத்தனை கறி என்று எங்கும் கணக்குச் சொல்லவில்லை!

முதல் ஞாயிறு, வெங்காயமில்லாமல்

முதல் முறை எங்கள் வீட்டில். வெங்காயம் தொடவே முடியாத விலை. கை கொடுத்தது அந்தப் பழைய சீதாஃபல்தான். பரங்கிக்காய்ப் புளிக்குழம்பு, வெந்தயக்கீரைக் கூட்டு, எலுமிச்சை ரசம். பெரியவர், குழந்தைகள் சேர்ந்து பன்னிரண்டு பேர். அரிசி உள்பட எல்லாம் 100 ரூபாய்க்குள் அடங்கியது. இன்று விலைவாசி வேறு. ஆனால் விருந்துச் சமையலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இன்றும் அதே அளவுதான். நீங்களே ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். அளவுகளைச் சொல்கிறேன்.

சோறு: பெரியவருக்குத் தலைக்கு 100 கிராம் அரிசி, குழந்தைகளுக்கு அதில் பாதி. நான் ஒன்றேகால் கிலோ போட்டேன். பொன்னி அரிசிதான் வேண்டும் என்பதில்லை. இங்கே கிடைக்கும் பர்மல் அரிசி அன்றாடச் சோற்றிற்கு நன்றாகவே இருக்கும். ஐந்து லிட்டர் குக்கரில் இரண்டு ஈடாக வைத்தால் போதும்.

பரங்கிக்காய்ப் புளிக்குழம்பு: பரங்கிக்காய் ஒரு கிலோ. தோலோடு பெரிய துண்டுகளாக நறுக்குங்கள். பெரிய எலுமிச்சை அளவு புளியைக் கரைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி காயவைத்து, கடுகு, வெந்தயம், காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மூன்று தக்காளியை வதக்கி, காயைப் போட்டுப் பிரட்டி, சாம்பார்ப் பொடி மூன்று மேசைக்கரண்டி, மஞ்சள்பொடி, உப்பு, புளித்தண்ணீர் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். தேங்காய் வேண்டாம். வறுத்த வேர்க்கடலை இரண்டு கைப்பிடியைத் தோல் நீக்கிப் பொடித்து, இறக்கும்முன் தூவுங்கள். குழம்பு கெட்டியாகும், ருசியும் கூடும். தில்லிக் குளிர்காலத்தில் வேர்க்கடலைக்குப் பஞ்சமேது? பரங்கிக்காய் இனிப்பு என்பதால் வெல்லம் தேவையில்லை.

வெந்தயக்கீரைக் கூட்டு: பாசிப்பருப்பு 250 கிராம். மஞ்சள்பொடி போட்டு மலர வேக வையுங்கள், குழையக்கூடாது. இரண்டு கட்டு மேத்திக்கீரையை ஆய்ந்து, மண் போக மூன்று தண்ணீரில் அலசி, பொடியாக நறுக்கி, சிறிது எண்ணெயில் தனியாக வதக்கிக்கொள்ளுங்கள். வதக்கினால் கசப்பு அடங்கும். பருப்போடு சேர்த்து, சீரகம், பச்சைமிளகாய் நசுக்கிப் போட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கிக் கடுகு தாளியுங்கள்.

எலுமிச்சை ரசம்: 100 கிராம் துவரம்பருப்பைக் குழைய வேகவைத்துக் கரைத்து, இரண்டு லிட்டர் வரும்படி தண்ணீர் விட்டு, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு, நுரைத்து வரும்போது கொத்தமல்லி போட்டு இறக்குங்கள். சூடு சற்றுத் தணிந்தபின் நாலு எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கசந்துபோகும்.

அன்று அவள் வந்தாள். கையில் மூன்று எவர்சில்வர் தட்டு, ஒரு தூக்கில் தயிர். புளிக்குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். போகும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "அடுத்த தடவை எங்க வீட்டுலீங்க அக்கா" என்றாள். 

ஒரே பாத்திரத்தில் ஒரு விருந்து

முனிர்க்கா மாடி அறையில் பன்னிரண்டு பேர் எப்படி உட்காருவது? பெரியவர்கள் அறையில், குழந்தைகள் மொட்டை மாடியில் டிசம்பர் வெயிலில். அவள் மூன்று பாத்திரம்கூட வைக்கவில்லை. ஒன்றே ஒன்று, கொங்கு நாட்டு அரிசிம்பருப்புச் சாதம்! நாங்கள் மூவரும் அதுவரை சாப்பிட்டதில்லை. 

அவள் சொன்ன அளவு, ஐந்து பேருக்கு: அரிசி இரண்டு தம்ளர், துவரம்பருப்பு முக்கால் தம்ளர். இரண்டையும் கழுவி அரைமணி நேரம் ஊற வையுங்கள். குக்கரில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, சீரகம், நாலு காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, பத்துச் சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, இரண்டு தக்காளி வதக்குங்கள். (சின்ன வெங்காயம் விலை என்றால் ஒரு பெரிய வெங்காயம் போதும். அன்று அவள் வெங்காயத்தைப் பேருக்குத்தான் போட்டிருந்தாள், பூண்டைக் கூட்டியிருந்தாள்.) மஞ்சள்பொடி, ஒரு தேக்கரண்டி சாம்பார்ப் பொடி, மிளகு சீரகம் கொரகொரப்பாகப் பொடித்தது ஒரு தேக்கரண்டி, உப்பு. ஆறு தம்ளர் தண்ணீர் விட்டுக் கொதித்ததும் அரிசி பருப்பைப் போட்டு மூடி, மூன்று விசில். திறந்ததும் ஒரு கரண்டி நெய். தொட்டுக்கொள்ள தயிர், அப்பளம், ஊறுகாய்.

என் மகன் இரண்டாம் தட்டு கேட்டபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் பதினாலு வகை செய்த அன்று யாரும் எந்தப் பண்டத்திற்கும் செய்முறை கேட்கவில்லை. அன்று நாங்கள் மூன்று பேரும் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்தோம்.

செலவு எங்கே கூடுகிறது?

வெளிமாநிலத்தில் நம் சமையல் செலவு கூடுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். ஆயிரம் மைலுக்கு அப்பால் விளைகிற பொருளை இங்கே தேடுகிறோம். தேங்காய், சின்ன வெங்காயம், முருங்கைக்காய், வாழைக்காய் எல்லாம் ரயிலேறி வரவேண்டும். பண்டிகைக்கு வாங்கலாம். தினசரி எதற்கு? நம் சமையல் முறை நம்முடையதாக இருந்தால் போதும். காய் இந்த மண்ணின் காயாக இருக்கட்டும்.

குளிர்காலத்தில் முள்ளங்கி, காலிஃபிளவர், சிவப்புக் கேரட், பச்சைப் பட்டாணி, பாலக், மேத்தி மலிந்து கிடக்கும். முள்ளங்கியைச் சாம்பாருக்கு எடுத்து, அதன் இலையைப் பருப்புசிலி செய்யலாம். காலிஃபிளவர்த் தண்டை எறியாதீர்கள். தோல் சீவிக் கூட்டில் போட்டால் நூல்கோல் மாதிரி இருக்கும். பதுவா என்று விற்கிறார்களே, அது வேறொன்றுமில்லை. நம் ஊர்ச் சக்கரவர்த்திக் கீரைதான். ஹரா சனா என்கிற பச்சைக் கொண்டைக்கடலை வரும்போது, மொச்சைக்குப் பதிலாகக் குழம்பில் போட்டுப் பாருங்கள்.

கோடையில் கீயா என்னும் சுரைக்காய், தோரி, பரங்கி, பாகல், வெண்டை, அர்பி என்னும் சேப்பங்கிழங்கு. சுரைக்காயை இங்குள்ள நம் குழந்தைகள் முகம் சுளிப்பார்கள். பாசிப்பருப்பும் மிளகும் போட்டுப் பொரித்த குழம்பாக வைத்துப் பாருங்கள், பேசாமல் சாப்பிடுவார்கள். தோரியின் தோலில் துவையல் அரைக்கலாம். அதற்குப் பீர்க்கங்காய் மாதிரி வரிவரியாக இருக்கும் தோரியைப் பார்த்து வாங்க வேண்டும்.

வாங்கும் நேரமும் முக்கியம். தில்லியில் பேட்டைக்குப் பேட்டை வாரச் சந்தை உண்டு. கூடும் நாளின் பெயரே சந்தைக்கும் பெயர். சோம் பஜார், மங்கள் பஜார், புத் பஜார் என்பார்கள். சாயங்காலம் கூடி இரவில் கலையும். கடை கட்டும் நேரத்தில் போனால் தக்காளியைக் கூறு கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அன்றே அரைத்து வதக்கித் தொக்காக வைத்துக்கொண்டால் ஒரு வாரத்திற்குக் கவலையில்லை. 1988-ல் தொடங்கிய சஃபல் கடைகளில் பேரம் பேச வராதவர்கள் நிம்மதியாக வாங்கலாம். நம் ஊரில் கறிவேப்பிலை கொசுறு என்றால், இங்கே கொத்தமல்லியும் பச்சைமிளகாயும் கொசுறு. கூச்சப்படாமல் கேளுங்கள்!

பருப்பு விலை ஏறும்போது துவரம்பருப்பிலேயே நிற்காதீர்கள். 2015-ல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயை எட்டியபோது எங்கள் வீட்டுச் சாம்பார் பாதி மசூர் பருப்பு, பாதி துவரம்பருப்பு. என் கணவருக்கு வித்தியாசமே தெரியவில்லை; நானும் சொல்லவில்லை. கறுப்புக் கொண்டைக்கடலையும் ராஜ்மாவும் வாரம் ஒருமுறை குழம்பாகட்டும். ராஜ்மாவை மட்டும் இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கொதிக்கவைத்து வேகவைக்க வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைக் கெடுக்கும்.

அடுப்புச் செலவையும் மறக்கக்கூடாது. குக்கருக்குள் அழுத்தம் ஏறினால் தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, சுமார் 120 டிகிரியில் கொதிக்கிறது. அதனால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது. அடியில் பருப்பு, மேல் தட்டில் அரிசி, அதற்கு மேல் காய் என்று அடுக்கி வைத்தால் மூன்றும் ஒரே நெருப்பில் முடிந்துவிடும். முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறையுங்கள். அடங்கும் வரை திறக்காதீர்கள். அந்த மிச்சச் சூட்டிலேயே பாதி வேலை நடக்கும். பருப்பை அரைமணி ஊறவைத்தால் எரிவாயு இன்னும் மிச்சம்.

ஜனவரியில் மாவு பொங்கவில்லை என்று புதிதாக வந்த பெண்கள் கவலைப்படுகிறார்கள். இட்லிக்கு ஸேலா என்று விற்கும் புழுங்கலரிசியே போதும். உளுந்தோடு ஒரு தேக்கரண்டி வெந்தயம் ஊறவைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, கையால் கலந்து, பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி, மூடியுள்ள டப்பாவிலோ அலமாரியிலோ வையுங்கள். ஒரு ராத்திரியில் ஆகாது; முழுநாள் ஆகும். சனிக்கிழமை காலை அரைத்தால் ஞாயிறு இட்லி.

மிஞ்சியதற்கும் வழி உண்டு. மீந்த கூட்டையும் பருப்பையும் கோதுமை மாவில் போட்டுப் பிசைந்தால் மறுநாள் காலைச் சப்பாத்தி. தொட்டுக்கொள்ள ஊறுகாய் போதும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மா. பதிலுக்கு நான் அவருக்கு மிளகு ரசம் கற்றுக்கொடுத்தேன். அவர்கள் வீட்டில் யாருக்கு ஜலதோஷம் வந்தாலும் முதலில் ரசம்தான்! ஆனால் மே, ஜூன் மாதங்களில் மீந்த சோற்றை வெளியே வைத்திருக்காதீர்கள். அந்த வெயிலில் சமைத்த ஒரு மணி நேரத்திற்குள் குளிர்ப்பெட்டிக்குப் போய்விட வேண்டும்.

இன்று

எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் நடந்தன. என் கணவர் ஓய்வுபெற்றதும் நாங்கள் துவாரகாவிற்கு வந்துவிட்டோம். திருநெல்வேலி அக்கா மகளோடு பெங்களூரில். தஞ்சாவூர்க்காரர்கள் ஊருக்கே போய்விட்டார்கள். முனிர்க்காப் பெண்ணின் குடும்பமும் 2011-ல் கோயம்புத்தூர் திரும்பியது. அவள் கணவர் அங்கே சிறியதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறார்.

இப்போது அவர்களுடைய மகன் குருகிராமில் வேலை பார்க்கிறான். மூன்று பையன்களாக ஓர் அறை. வேளாவேளைக்குக் கைபேசியில் தட்டினால் சாப்பாடு வாசலுக்கு வந்துவிடுகிறது. வாங்கும் சம்பளத்தில் எவ்வளவு அதற்கே போகிறது என்று கணக்குப் பார்க்கச் சொன்னேன், பார்த்துவிட்டுச் சிரித்தான். "காசை விடுங்க பெரியம்மா, தனியாத்தான் சாப்பிடுறோம், அதுதாங்க" என்றான்.

முதன்முதலில் அவனை அழைத்தபோது, மனம் பழைய வழக்கப்படி பாயசம், வடை என்று பட்டியல் போட ஆரம்பித்தது. என்னை நானே அதட்டிக்கொண்டேன். அன்றும் மூன்று பாத்திரம்தான். பரங்கிக்காய்ப் புளிக்குழம்பு, கீரைக்கூட்டு, ரசம். கதவைத் திறந்தபோது அந்தப் பிள்ளை அறைத் தோழர்கள் இரண்டு பேரோடு நின்றுகொண்டிருந்தான். அம்மா போனில் சொல்லிவிட்டாளாம். கையில் தயிர்த் தூக்கு. பையில் மூன்று எவர்சில்வர் தட்டு.

நம்மில் எத்தனையோ பேர் வீட்டிற்குப் பக்கத்திலேயே அப்படி ஒரு பிள்ளை இருக்கிறான். புதிதாக மாற்றலாகி வந்து, இந்தி தெரியாமல் விழிக்கும் ஒரு பெண் இருக்கிறாள். திருப்பி அழைக்க வசதியில்லையே என்று விலகிப் போன ஒரு குடும்பமும் இருக்கலாம். முந்திரியும் நெய்யும் சேரட்டும், வீடு வெள்ளையடிக்கட்டும், சம்பளம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு குழம்பு வையுங்கள், ஒரு கூட்டு செய்யுங்கள். "தட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லிக் கூப்பிடுங்கள். 

அவர்கள் வருவார்கள். நீங்களும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.